உலைக்கு ஒரே ஓட்டு

செக்கிங் அறை பெஞ்சு
பிப்ரவரி 3

அன்பு நாத்தனாருக்கு,

நான் நலம். நாள் முழுக்க பாட்டில்களையே பார்த்தும் என் கண் இன்னும் நலம். நீயும், உன் காரும், கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து உன் உயிரை வாங்குகிற பெண்களும் சுகமா?

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டிலிருந்து பேசினால் உங்க அண்ணன் பக்கத்தில் வந்து நின்று "என்னவாம், என்னவாம்" என்று கேட்டே பாதிப் பேச்சைத் தின்றுவிடுவார். ஃபாக்டரியிலோ போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். ஆனால் பேனாவை யாரும் தடுக்கவில்லை. என் வேலைதான் உனக்குத் தெரியுமே. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும், கீறலும் குமிழியும் இருப்பதைப் பிடித்துத் தள்ள வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் கண் பார்க்கும், மூளை பார்க்காது. அதனால் இருபது நிமிஷம் நாற்காலி, இருபது நிமிஷம் பெஞ்சு. நான் பெஞ்சுக்கு வரும்போது நாற்காலியில் உட்காருகிறவளுக்கு 'மறுபாதி' என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்க அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரை விட இவள்தான் என் சூடு ஆறாத இடத்தில் தினம் உட்காருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் எங்களுக்கு ஒரு ஓட்டெடுப்பு. இத்தனை வருஷமாக எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, கம்பெனியும் அதே அளவு போட்டு, ஓய்வு நிதி என்று சேர்த்துவருகிறது, ஐம்பத்தெட்டு வயசில் ஓய்வு பெற்றதும் மாதாமாதம் கொடுக்க. இப்போது ஒரு புதுத் திட்டம். இனிமேல் பிடிக்கமாட்டார்களாம், எங்கள் பங்கு மாதாமாதம் கையிலேயே வருமாம். கம்பெனியின் பங்கும் கைக்கே வருமாம், ஆனால் பாதிதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்கு நம்மையே ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் ஒரு ஓட்டு கூடுகிறதோ அதுதான் எல்லாருக்கும் சட்டம்.

கைக்காசா, ஓய்வுக்காசா? ஃபாக்டரி முழுக்க இதே பேச்சு. நான் ஓய்வுக்காசுக் கட்சி. உன் அபிப்பிராயத்தை எழுது. மறுபாதி எழுந்துவிட்டாள், நான் போக வேண்டும்.

உன் அண்ணி


டிரைவிங் ஸ்கூல்
பிப்ரவரி 16

அண்ணி,

இங்கே நான் சுகம், கார்தான் சுகமில்லை. கிளட்ச் போய்விட்டது. பல் டாக்டர் அம்மா ஒருவர் கற்றுக்கொள்ள வருகிறார், ஊராருடைய பல்லைப் பிடுங்கின கை கியரையும் அப்படியே பிடுங்குகிறது.

கேட்டீர்களே என்று சொல்கிறேன், கோபப்படக்கூடாது. நான் என்றால் கையில் கொடுக்கிறவனுக்குத்தான் ஓட்டு. நாளைக்குக் கிடைக்கிற பலாக்காயை விட இன்றைக்குக் கிடைக்கிற களாக்காய் மேல். எனக்கு ஓய்வு நிதியும் இல்லை, பிடிக்கிறவரும் இல்லை. வருகிறது, போகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன். கிளட்ச் போகிற மாதத்தைத் தவிர.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கண் நலம் என்று எழுதினீர்கள். அண்ணன் நலம் என்று எழுதவில்லை. அவர் எந்தக் கட்சி என்றும் எழுதவில்லை. ஒரே ஃபாக்டரி, ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் உலைக்கூடத்தில் நின்று இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலா இருப்பார்?

அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்த வருஷமாவது வந்து என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். "நான் எங்க போகப்போறேன்" என்று அதே பதிலைச் சொல்வார், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


செக்கிங் அறை பெஞ்சு
மார்ச் 5

அன்பு நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. கிளட்ச் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லாரும் நலம்.

களாக்காய் கதையைப் பெஞ்சில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். உனக்கு இங்கே நிறைய ரசிகைகள். ஒருத்திக்குக் கூரை ஒழுகுகிறது, ஒருத்தியின் மகள் நர்ஸிங் படிக்கிறாள், ஒருத்திக்கு முழங்கால். எல்லாருக்கும் இன்றைக்குத்தான் அவசரம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயசு, "அம்பத்தெட்டு வயசுலயா? அதுக்குள்ள உலகமே அழிஞ்சிரும்க்கா" என்கிறாள். "உலகம் அழிஞ்சா பரவாயில்லடி, அழியாம விட்டுட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

நான் எப்படி முடிவு பண்ணுகிறேன் என்று சொல்லட்டுமா? எந்தத் தேர்தலாக இருந்தாலும் இதுதான் என் வழக்கம். இன்றைக்கு இருக்கிற என்னை நான் கேட்பதில்லை. அவளுக்கு எப்போதும் ஏதாவது வேண்டும். எழுபது வயசில் ஒரு கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாளே, அவளைக் கேட்கிறேன். அந்தக் கிழவியும் நான்தான், ஆனால் இந்த ஜூன் மாதம் அவளுக்கு ஓட்டு கிடையாது. அவளுக்காகவும் நான்தான் போட வேண்டும். சுயநலம்தான், ஆனால் இருபது வருஷம் தள்ளி நிற்கிற சுயநலம்.

என் கவலை பெஞ்சு இல்லை. பேசினால் இவர்கள் கேட்பார்கள். கவலை மாடியில் இருக்கிற உலைக்கூடம்தான். அங்கே நாற்பத்து மூன்று பேர். கண்ணாடி உருக்குகிற உலை இரவு பகல் எரிகிறது, பாட்டில் வார்க்கிற அச்சுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. அதனால் அந்தக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். ஓட்டெடுப்பு வந்தால் அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் கீழே இறங்கி வருவார், "உலை இந்தப் பக்கம்" என்பார், நாற்பத்து மூன்றையும் அந்தப் பக்கம் எழுதிக்கொள்வார்கள். உலைக்கு ஒரே ஓட்டு என்று அவர்களுக்கு அதில் பெருமை வேறு. விதிப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்றுதான் இருக்கிறது, நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

உன் அண்ணி


டிரைவிங் ஸ்கூல்
மார்ச் 12

அண்ணி,

நலம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "வீட்டில் எல்லாரும் நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர். இரண்டு பேரை யாராவது "எல்லாரும்" என்பார்களா?

நேராகவே கேட்கிறேன். இப்போது உலையில் மூத்தவர் என் அண்ணன்தானே?

எனக்குத் தெரியும், அண்ணி. எங்கள் அப்பாதான் ஒரு காலத்தில் உலையின் ஓட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். அன்றைக்கு மட்டும் புதுச் சட்டை. நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஃபாக்டரி கேட்டில் நின்று பார்ப்போம். ஒன்றும் தெரியாது, எட்டிப் பார்த்தால் ஜன்னல் வழியாக அந்தச் சட்டை மட்டும் படியிறங்குவது தெரியும். அண்ணன் மூச்சு விடாமல் பார்ப்பார். இப்போது அந்தப் படி அவருடையது.

அவர் கைக்காசுக் கட்சி, நீங்கள் ஓய்வுக்காசுக் கட்சி, இடையில் சண்டை. சரியா? மறைக்காமல் எழுதுங்கள். நான் அவருக்குத் தங்கைதான், ஆனால் உங்களுக்கும் ஆள்தான்.

உங்கள் நாத்தனார்


செக்கிங் அறை பெஞ்சு
ஏப்ரல் 20

அன்பு நாத்தனாருக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான்கு தடவை எழுதத் தொடங்கினேன், நான்கு தடவையும் இருபது நிமிஷம் முடிந்துவிட்டது. உண்மையில் நிமிஷம் முடியவில்லை, எனக்குத்தான் எழுத வரவில்லை.

நீ சொன்னது சரி. மூத்தவர் அவர்தான். கைக்காசுப் பக்கம் மைக்செட் என்று ஒருவன் சுற்றிவருகிறான், வாயைத் திறந்தால் மூன்று தெரு கேட்கும். அவன் தினமும் உலைக்கு ஏறி இவருடைய தோளில் கை போட்டுப் பேசுகிறான். "உலை நம்ம பக்கம்" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சண்டை என்று சொல்ல முடியாது. பேசுகிறோம். குழாய் ஒழுகுவதைப் பற்றி, சாப்பாட்டில் உப்பு குறைந்ததைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரே ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "நீங்களாவது யோசிச்சீங்களா?" என்றேன். திரும்பாமலேயே சொன்னார்: "அப்பா அம்பத்தேழுல போயிட்டாரு. இன்னும் ஒரு வருஷம் இருந்தா கையில வாங்கியிருப்பாரு. எனக்கு அம்பத்திரண்டு. ஆறுலயும் சாவு, நூறுலயும் சாவு. நான் பார்க்காத காசை யாருக்குச் சேர்க்கறது?"

பாட்டிலில் கீறல் என்றால் சொல்லத் தெரியும். கணக்குப் போட்டு வாதம் பண்ணுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் பணத்தைப் பற்றியே பேசவில்லை. தான் இருக்கமாட்டேன் என்று தீர்மானம் பண்ணிவிட்டு, அந்தத் தீர்மானத்தோடு என்னிடம் தினமும் உப்பு கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை.

ஆனால் நான் விடப்போவதில்லை. அவருடைய ஓட்டு அவருடையது, அதை நான் தொடமாட்டேன். மற்ற நாற்பத்திரண்டு அவருடையது இல்லை. உலையில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று மனு எழுதியிருக்கிறேன். மறுபாதிதான் முதல் கையெழுத்து.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


டிரைவிங் ஸ்கூல்
ஏப்ரல் 28

அண்ணா,

இதை அண்ணியின் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். பிரிக்காமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், கொடுப்பார். நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலமாகத்தான் இருக்கிறாய், உனக்குத்தான் அது தெரியவில்லை.

அப்பா அனுபவிக்காமல் போன காசு என்று நீ மனசில் வைத்திருக்கிறாய். அப்பா போன பிறகு அம்மா அந்த நிதியிலிருந்து மாதாமாதம் வந்ததில் ஒன்பது வருஷம் இருந்தாள். யாரிடமும் கை நீட்டவில்லை. முதல் மாதம் நீ உன் சம்பளத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது என்ன சொன்னாள்? "வச்சுக்கடா, எனக்கு உங்கப்பா இருக்காரு" என்றாள். நீ வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் முதல் கார் எதில் வாங்கியது? அதே காசில் மிஞ்சியதில். அப்பா ஒரு நாள் கூட கார் ஓட்டியதில்லை, ஆனால் அவர் சேர்த்ததில் இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் ஓட்டுகிறார்கள். பார்க்காத காசு என்று சொல்லாதே. அவர் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம்.

இன்னொன்று. நீ அப்பா இல்லை. அவருக்கு உலைக்கு முன்னால் முகத்தில் கட்ட ஒரு துண்டு, பையில் சிகரெட். உனக்கு மாஸ்க், கண்ணாடி, வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டர். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொள், அவருடைய வயசை ஏன் போட்டுக்கொள்கிறாய்?

என்னிடம் கற்க வருகிற எல்லாரும் முதல் நாள் காரின் மூக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். தலையை நிமிர்த்து, ரோட்டின் அந்தக் கோடியைப் பார் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. இவ்வளவு சொல்கிற நானே எனக்கென்று ஒரு காசு சேர்க்கவில்லை, அது வேறு கதை.

அண்ணி எழுபது வயசுக் கிழவி ஒருத்திக்காக ஓட்டுப் போடப்போகிறாராம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாளாம். அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்குமா என்றுதான் அவர் உன்னைக் கேட்கிறார். கேட்கத் தெரியவில்லை, அதனால் மனு எழுதுகிறார்.

உன் தங்கை


செக்கிங் அறை பெஞ்சு
மே 14

அன்பு நாத்தனாருக்கு,

நான் நலம், அவரும் நலம். எழுதிவிட்டேன் பார்.

உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தேன். என்ன எழுதியிருந்தாய் என்று தெரியாது. நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் வேலைச் சட்டைக்கு மாறியபோது கடிதமும் மாறியது. இன்றுவரை பையில்தான் இருக்கிறது.

மனுவுக்கு வருகிறேன். செக்கிங், பேக்கிங், கிடங்கு என்று கையெழுத்து நிறைந்துவிட்டது. மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "உலை ஆட்கள் கீழ வந்தா பாட்டில் யாரும்மா பண்ணுவா?" என்றார். "அவங்க வர வேண்டாம், பெட்டி மேல போகட்டும்" என்றேன். "மறைவா ஓட்டுப் போட அங்க எடம் ஏது?" என்றார். எங்கள் அறையில் வெளிச்சம் வராமல் இருக்கக் கறுப்புத் திரை தொங்குகிறதே, அதில் மாற்றுத் திரை ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. "திரை நாங்க தர்றோம், கம்பி கிடங்குல தருவாங்க" என்றேன். மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டார். வழக்கத்தை மாற்றுவதென்றால் உலையின் மூத்தவர் சம்மதிக்க வேண்டும், ஓட்டெடுப்பு தொடங்குகிற நிமிஷம் வரைக்கும் அவருக்கு நேரம் உண்டு என்றார். பந்து நேராக என் வீட்டுக்கே வந்து விழுந்தது.

நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கேட்டு அவர் சரி என்றால் பெண்டாட்டிக்காகச் செய்தான் என்று உலை பேசும். மாட்டேன் என்றால் அதற்கப்புறம் உப்பு கூடக் கேட்கமாட்டோம். நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதிர்க்கட்சி நடத்துகிறேன். மாடியில் சிலர் "பொம்பளைங்களுக்கு உலையில என்ன வேலை" என்றும் கேட்கிறார்களாம். அவர்கள் செய்கிற பாட்டிலின் குறையைச் சொல்கிற வேலைதான், பதினெட்டு வருஷமாகச் செய்துவருகிறோம்.

உன் அண்ணி


டிரைவிங் ஸ்கூல்
மே 22

அண்ணி,

நலம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, அதுவும் நலம்தான்.

ஒரு செய்தி. நான் கட்சி மாறிவிட்டேன். ஊருக்கு உபதேசம் பண்ணிக் கடிதம் எழுதிவிட்டு, தபாலில் போட்ட கையோடு பக்கத்து பாங்கில் நுழைந்து எனக்கும் ஒரு ஓய்வுக் கணக்கு தொடங்கிவிட்டேன். என் கடையில் தொழிலாளியும் நானே, முதலாளியும் நானே. அதனால் இரண்டு பங்கையும் நானே போட வேண்டும். முதலாளி கொஞ்சம் கஞ்சம், தொழிலாளி சண்டை போட்டுத்தான் வாங்குகிறாள். களாக்காயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணனைக் கேட்காதீர்கள், நீங்கள் சொல்வதுதான் சரி. கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினால் வண்டி நின்றுவிடும். எனக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமில்லை, மூடிக்கொண்டிருக்கிறேன்.

தேர்தல் முடிந்ததும் ஒன்று விடாமல் எழுதுங்கள். இந்தப் பக்கம் பல் டாக்டர் அம்மா வரைக்கும் முடிவுக்குக் காத்திருக்கிறார்.

உங்கள் நாத்தனார்


வீடு
ஜூன் 11

அன்பு நாத்தனாருக்கு,

இன்றைக்கு லீவு, பெஞ்சும் இல்லை, நிமிஷக் கணக்கும் இல்லை. டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் கதை.

அன்றைக்குக் காலையில் அவர் புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நீ எழுதியிருந்தாயே, அப்பா ஓட்டை எடுத்துக்கொண்டு இறங்கும்போது புதுச் சட்டை போடுவார் என்று. சரி, முடிந்தது, நாற்பத்து மூன்றும் போனது என்று நினைத்துக்கொண்டேன். "சட்டை நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார்.

கீழே பேக்கிங் கூடத்தில் மேஜை, பெட்டிகள், அதிகாரி, மேனேஜர். தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவர் படியிறங்கி வந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. மைக்செட் கைதட்டத் தயாராகக் கையை உயர்த்திவிட்டான். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "உலை எந்தப் பக்கம்?"

இவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு, "உலைக்குப் பக்கம் எதுவும் கிடையாது சார். மேல நாப்பத்து மூணு ஆளுங்க இருக்காங்க. ஒரு பெட்டியைக் கொடுங்க" என்றார்.

மைக்செட்டின் கை பாதியில் நின்றுவிட்டது. "என்னண்ணே, நீங்க நம்ம பக்கம்னு சொன்னீங்களே?" என்றான். அவனுக்கு முதல் தடவையாகக் குரல் இறங்கிப் பார்த்தேன். "நான்தான் சொன்னேன். அவனுங்களை யாரும் கேக்கலையே" என்றார் இவர். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பெட்டி படியேறினா உலை அணைஞ்சிராது சார்" என்று சொல்லிவிட்டு, இவரே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அதிகாரி, அவருக்குப் பின்னால் திரையோடு நான், கம்பியோடு மறுபாதி. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நடந்ததே அன்றைக்குத்தான். எங்கள் இடத்தில் வேறு இரண்டு பேரைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு வந்திருந்தோம்.

மேலே என்ன சூடு தெரியுமா. இத்தனை வருஷமாக அவர் அங்கே நிற்கிறார், நான் ஒரு தடவை கூட ஏறிப் பார்த்ததில்லை. தூணுக்கும் சுவருக்கும் இடையில் திரையைக் கட்டினோம். ஒருவன் எண்ணெய் தடவி முடித்ததும் ஓடி வருவான், திரைக்குள் போவான், வெளியே வந்து அடுத்தவனுக்குச் சைகை காட்டுவான். அச்சு ஒன்று கூடக் காயவில்லை. பொம்பளைங்களுக்கு என்ன வேலை என்று கேட்டவன் வந்தான், என்னைப் பார்க்காமல் உள்ளே போனான், வெளியே வரும்போது "தேங்க்ஸ்க்கா" என்று முணுமுணுத்தான். ஒரு பெரியவர், உங்க அண்ணனுக்கு அடுத்து உலையில் சேர்ந்து முப்பது வருஷம் ஆனவர், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நானேவா போடணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். "நீங்களேதான்யா" என்றேன். உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

உங்க அண்ணன் கடைசியாகப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் எண்ணினார்கள். கீழ்ப் பெட்டிகளில் ஓய்வுக்காசு பத்தொன்பது ஓட்டு முன்னால். ஒருத்தர் கூடக் கைதட்டவில்லை, எல்லாருக்கும் கணக்குத் தெரியும். உலை பழையபடி மொத்தமாக எதிர்ப்பக்கம் போயிருந்தால் பத்தொன்பது எந்த மூலைக்கு? உலைப் பெட்டியைத் திறந்தார்கள். கைக்காசு பதினாறு. ஓய்வுக்காசு இருபத்தேழு.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுபாதி என்னைத் தூக்கிவிட்டாள், அவளுக்கு முதுகு வலி வேறு. இருபத்திரண்டு வயசுப் பெண் விசிலடித்தாள். பதினெட்டு வருஷம் குனிந்து பாட்டில் பார்த்த கழுத்தை அன்றைக்கு நன்றாக நிமிர்த்தி நடந்தேன், நாத்தனாரே. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். அவர் எதில் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

உன் அண்ணி


டிரைவிங் ஸ்கூல்
ஜூன் 18

எங்கள் தலைவி அண்ணிக்கு,

நலம், நலம், நலம். கடிதத்தைப் பாடத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் படித்தேன். ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் அம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் ஹாரனை அழுத்தினார் பாருங்கள், இத்தனை மாதத்தில் ஒழுங்காக அழுத்தியது அதுதான். அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அண்ணன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார் என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்தச் சட்டை படியிறங்குவதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏறுவதை இன்னும் யாரும் பார்த்ததில்லை. ஃபாக்டரி கேட்டில் நின்று பார்க்க நான் இல்லாமல் போனேனே என்று அழுதுவிட்டேன்.

எதில் போட்டார் என்று நானும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் தொண்டர்
நாத்தனார்


வீடு
ஜூலை 2

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் முடிக்க வேண்டும். வந்தால் குறை கண்டுபிடிப்பாள்.

நீ எழுதினது பையிலேயே இருந்து எண்ணெய் பட்டுவிட்டது. எழுத்து அழிந்துவிட்டது, பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

ஒன்று சொல்கிறேன். போன தடவை போனஸுக்கு ஓட்டெடுப்பு வந்தபோது நாற்பத்து மூன்று பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இந்தத் தடவை அந்தத் திரைக்குள் தனியாக ஒரு சீட்டோடு நின்றபோது அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். அந்தப் பெரியவர் ஏன் அவ்வளவு நேரம் உள்ளே நின்றார் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நீ எழுதின நாற்காலியும் ஞாபகம் வந்தது. அப்புறம் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வேலை இருக்கிறது, அதற்குத்தான் எழுதுகிறேன். உன் ஸ்கூலில் எனக்கு ஒரு இடம் பதிவு பண்ணி வை. இப்போது இல்லை. ஆறு வருஷம் கழித்து, அம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெறுகிற மறுநாள் காலை, முதல் வகுப்பு. அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் அண்ணியும் வருவாள், பின்சீட்டில் உட்கார்ந்து நான் ஓட்டுவதில் குறை சொல்வதற்கு. எங்கே போகப்போகிறோம் என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

அதுவரைக்கும் கிளட்சைப் பார்த்துக்கொள்.

அண்ணன்